சாரல்தானே என்று நினைத்தோம்: அலாஸ்கா கப்பலுக்குப் பெட்டி கட்டிய அனுபவம்

மெண்டன்ஹால் பனியாற்றுக்கு எதிரே நின்றபோது அம்மாவின் கோட்டுக் கையைப் பிடித்து அழுத்தினேன். என் விரல் இடுக்குகளில் தண்ணீர் வழிந்தது. ஜூனோ துறைமுகத்தில் இறங்கி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. மழை என்று சொல்ல முடியாது, வெறும் தூற்றல். ஆனால் அது நிற்கவே இல்லை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அந்தத் தடித்த கோட்டு ஒரு சொட்டு விடாமல் குடித்துக்கொண்டே இருந்தது. "ஒன்றும் இல்லை, சாரல்தானே" என்றார் அம்மா. சொல்லும்போதே பல் தந்தியடித்தது.

அம்மா தென்காசியில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 70. ஜூன் மாதச் சாரல் அவருக்கு உறவுக்காரர் மாதிரி. குற்றாலத்தில் நனைந்தால் வீட்டுக்கு வருவதற்குள் பாதி காய்ந்துவிடும். தலையைத் துவட்டிக்கொண்டு ஒரு டம்ளர் காப்பி குடித்தால் தீர்ந்தது. இங்கேயும் அதே ஜூன், அதே தூற்றல். ஆனால் காலையில் கைப்பேசி 9 டிகிரி காட்டியது. பக்கத்தில் பனியாறு. நனைந்த துணி காயவும் வழியில்லை, உடம்புச் சூட்டைத் தக்கவைக்கவும் வழியில்லை.

தம்பி கனடாவில் வான்கூவர் பக்கம் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், 7 நாள் கப்பல் பயணத்துக்கு எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வான்கூவரில் ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெட்சிகன் பார்த்துவிட்டு மீண்டும் வான்கூவர். சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே இரண்டு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பட்டியல் முழுவதும் குளிருக்கானது. ஈரத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்தக் கோட்டை டெல்லியில் சில ஆண்டுகள் இருந்த தோழியிடம் இரவல் வாங்கினேன். டெல்லியின் உலர்ந்த குளிருக்கு அது அருமையான கோட்டாக இருந்திருக்கும். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரை முற்றிலும் வேறு.

அந்தக் கரையை ஒட்டி இருப்பது டோங்கஸ் தேசிய வனம். அமெரிக்காவின் தேசிய வனங்களில் மிகப் பெரியது. குளிர்ப் பிரதேச மழைக்காடு. பசிபிக்கிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் முட்டி மேலே ஏறி மழையாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்று செய்யும் அதே வேலைதான். இதைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா. பெட்டி கட்டும்போது எங்கள் இருவருக்குமே அது நினைவுக்கு வரவில்லை.

அன்று நகெட் அருவி வரை நடந்தோம். போக ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், ஏற்றம் இறக்கம் இல்லாத நல்ல பாதை. நடக்க நடக்க எனக்கு வியர்த்தது. அருவிக்குப் பக்கத்தில் நின்றதும் அந்த வியர்வையே குளிர்ந்து முதுகில் ஐஸ் வைத்ததுபோல் ஆனது. நான் உள்ளே போட்டிருந்தது பருத்திப் பனியன். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல் ஒரு துணி கிடையாது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரமான பருத்தி உடம்பின் சூட்டைத் திருடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு நான் போட்டிருந்த ஜீன்ஸும் பருத்திதான். முட்டிக்குக் கீழே நனைந்த அந்த ஜீன்ஸ் மறுநாள் இரவு வரை காயவில்லை.

மதியம் 2 மணிக்கு மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் வந்தது. ஊருக்குள் திரும்பியபோது அரைக்கை சட்டையோடு ஆட்கள் நடமாடினார்கள். 4 மணிக்கு மறுபடி தூற்றல். ஒரே நாளில் இத்தனை மாற்றமும். இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே ஒரு தடித்த உடை எந்த நேரத்துக்கும் பொருந்தாது. தூற்றலில் நனையும், வெயிலில் வேகும், கழற்றினால் கையில் சுமக்க வேண்டும்.

சரியான முறை மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி மெல்லிய தெர்மல்: மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, வியர்வையை வெளியே கடத்துகிற துணி. அதன் மேல் ஃபிளீஸ் என்று விற்கிற இலேசான, பொசுபொசுவென்ற சட்டை. இரண்டுக்கும் இடையில் அடைபடும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடி வைத்த மழைக்கோட்டு. இதில் கதகதப்பு எதுவும் வேண்டாம், தண்ணீரும் காற்றும் உள்ளே வராமல் இருந்தால் போதும். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றித் தோள்பையில் திணித்துக்கொள்ளலாம். மூன்றும் சேர்ந்து அந்த இரவல் கோட்டின் பாதி எடைகூட இல்லை.

மழைக்கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பணத்தைத் தவறாகச் செலவழித்தது இதில்தான். எனக்கென்று சென்னையில் ஒன்று வாங்கியிருந்தேன். சீட்டில் 'நீரை எதிர்க்கும்' என்று போட்டிருந்தது. நீரை எதிர்ப்பது வேறு, நீர் புகாமல் இருப்பது வேறு. முதல் வகை பத்து நிமிடத் தூற்றலுக்குத் தாங்கும். பிறகு தோள்பட்டைத் தையல் வழியே கசியும். வாங்கும்போது கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் பட்டையாக டேப் ஒட்டியிருந்தால்தான் அது மழைக்கு ஆகும். வீட்டுக்கு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு குளியலறை ஷவரின் கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள். எங்கே கசிகிறது என்று ஊரிலேயே தெரிந்துவிடும். உள்ளே ஃபிளீஸ் போட இடம் வேண்டும் என்பதால் வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். குடையை நம்ப வேண்டாம். கப்பலின் மேல்தளக் காற்றில் அது முதல் நாளே மடங்கிப்போனது.

நனைந்த துணி காயவில்லை என்று சொன்னேன் அல்லவா? அம்மாவின் கோட்டும் காயவில்லை. கப்பல் அறை சிறியது. குளியலறை அதைவிடச் சிறியது. ஷவரின் குறுக்கே இழுத்துக் கட்டும் மெல்லிய கொடி இருக்கிறது, அது இரண்டு உள்ளாடைகளுக்குத்தான் தாங்கும். ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு அன்று இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மேல் துணி சூடானதே தவிர உள்ளே பஞ்சு அப்படியே ஊறிக்கிடந்தது. அறை முழுவதும் ஈர நாய் வாடை. அம்மாவுக்கு மறுநாள் உடுத்திக்கொள்ள என்று எஞ்சியிருந்தது கை வைத்த ஸ்வெட்டர் ஒன்றும் சால்வையும்தான். எழுபது வயதில் இவரை இவ்வளவு தூரம் கூட்டி வந்து, ஜன்னல் வழியாகப் பார்க்க வைக்கப் போகிறோமோ என்று அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இரவு 10 மணி தாண்டியும் வெளிச்சம் இருந்தது வேறு. ஜூனில் அங்கே ஏறத்தாழ 18 மணி நேரப் பகல். கண்ணை மறைக்கும் பட்டை ஒன்று எடுத்துப்போவது நல்லது.

மறுநாள் ஸ்காக்வே. அந்த ஊரின் பெயரோடு காற்றும் சேர்ந்தே இருக்கிறது. அந்தப் பகுதிப் பழங்குடி மக்களின் டிலிங்கிட் மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் சொல்கிறார்கள். 1897, 98-இல் கனடாவின் கிளாண்டைக் பகுதிக்குத் தங்கத்தைத் தேடிப் போனவர்கள் கரையேறிய இடம் இது. வழியில் மலைக் கணவாயின் உச்சியில் நின்ற கனடாப் போலீசார், ஓர் ஆண்டுக்கான உணவும் தளவாடமும் இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை. எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு டன் வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் ஏற்றி, ஒரே மலையை இருபது, முப்பது முறை ஏறி இறங்கினார்கள். வெள்ளைக் கணவாய்ப் பாதையில் சுமை தூக்கி விழுந்து இறந்த குதிரைகள் மட்டும் ஏறக்குறைய 3,000 என்று கணக்கு. அங்கே இருந்த மாவு மூட்டைகளின் பட்டியலைப் படித்துவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை. "அந்தக் குதிரைகளுக்கு என்ன தங்கம் வேண்டியிருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஊரிலேயே ஒரு கடையில் அம்மாவுக்குக் கருநீல மழைக்கோட்டும் சாம்பல்நிற ஃபிளீஸும் வாங்கினேன். சுற்றுலா ஊர் விலைதான். சென்னையில் டெகாத்லான் போன்ற கடையில் வாங்கியிருந்தால் பாதியில் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

இப்போது சேலை விஷயத்துக்கு வருகிறேன். நம் அம்மாக்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதுதான் பெரிய கவலை என்பது எனக்குத் தெரியும். அம்மா சேலை தவிர வேறு எதையும் உடுத்தியதில்லை. உடுத்தச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. மூன்று பருத்திச் சேலைகளை எடுத்து வந்திருந்தோம். ஜூனோவில் சேலைக் கரை நனைந்து, ஈரம் முழங்கால் வரை ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அம்மாவே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். உள்ளே தெர்மல் கால்சட்டை. அதன் மேல் பருத்திப் பாவாடைக்குப் பதில் வழுக்கும் சாட்டின் பாவாடை. பூனம் சேலையை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ரவிக்கைக்குப் பதில் முழுக்கைத் தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ், கடைசியில் மழைக்கோட்டு. பூனம் சேலை நனைந்தாலும் உதறினால் போதும், கொடியில் ஒரு இரவில் காய்ந்துவிடும். பருத்திச் சேலைகள் மூன்றும் அதன் பிறகு கடைசிவரை பெட்டியிலேயே கிடந்தன. ஆனால் ஒரே ஒரு பட்டுச்சேலையை அவசியம் எடுத்துப்போங்கள். கப்பலில் ஓரிரு இரவுகள் எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வருவார்கள். அன்று அம்மாவின் அரக்கு நிறப் பட்டுக்கு முன்னால் அந்தக் கூடமே மங்கிப்போனது. பட்டு இலேசானது, கதகதப்பும் தரும்.

காலுக்கு இரண்டு ஜோடி ஷூ வேண்டும். ஒன்று நனைந்தால் மற்றது. அறைக்குத் தினமும் இரவு மறுநாள் நிகழ்ச்சிகள் அச்சிட்ட தாள் வரும். அதைக் கசக்கி ஈர ஷூவுக்குள் திணித்து வைத்தேன். காலையில் தாள் ஈரமாகவும் ஷூ ஓரளவு உலர்ந்தும் இருந்தன. சாக்ஸ் கம்பளியில் நான்கு ஜோடி. மெட்டி போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதன் முனை கம்பளி இழையில் மாட்டிக்கொண்டு விரலை இழுக்கும். மெல்லிய சாக்ஸ் ஒன்றை உள்ளே போட்டு, மேலே கம்பளியைப் போட்ட பிறகு எனக்குச் சரியானது.

தலைக்கு மார்கழியில் நம் ஊரில் போடுகிற மங்கி குல்லாவே போதும். அம்மா சந்தோஷமாகப் போட்டுக்கொண்ட ஒரே பொருள் அதுதான். கையுறை மெல்லியதாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுக்கக் கழற்ற வேண்டியதில்லை. குளிரில் கைப்பேசியின் மின்சாரம் சட்டென்று இறங்கும். அதை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பாட்டிலைப் பற்றி எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் காலை அம்மா தலைக்கு வைக்கப் பாட்டிலைக் கவிழ்த்தார், ஒன்றும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், கப்பல் அறை அதைவிடக் குளிர்ச்சி. வாய் அகன்ற சிறு டப்பாவில் எடுத்துப்போனால் விரலால் வழித்து எடுக்கலாம். உதட்டுக்கும் குதிகாலுக்கும் அது தேவைப்படும். காற்று அப்படி உலர்த்துகிறது.

மின்சாரக் கெட்டிலைக் கப்பலில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும் நாளில்தான் திருப்பித் தந்தார்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் அதே கதிதான். உணவுக் கூடத்தில் வெந்நீர் எப்போதும் கிடைக்கும். ஒரு நல்ல பிளாஸ்க் மட்டும் போதும், கரையில் இறங்கும்போது அதுவே பெரிய துணை. வீட்டில் செய்த தின்பண்டங்களுக்குப் பதில் கடையில் சீல் வைத்த பருப்புப்பொடி எடுத்துப்போனோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலில் கொடுக்கும் பழத்தைக் கரைக்கு எடுத்துப்போகக் கூடாது. அறையின் சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். நான்கு கொக்கி கொண்டுபோனால் ஈரக் கோட்டு, குல்லா, பை எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். தம்பி கொடுத்ததில் இதுதான் மிகச் சின்னப் பொருள், மிகப் பெரிய உதவி.

பெட்டியைத் துறைமுகத்தில் ஊழியர்கள் வாங்கிக்கொண்டால் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஆகவே அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர் மூன்றும் கைப்பையில் இருந்தன. விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை: வான்கூவரில் ஏறி அங்கேயே இறங்கினாலும் நடுவில் வருவது அமெரிக்க மண். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். கனடா விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருந்தால் திரும்பி வந்து இறங்கும்போது குழப்பம் இருக்காது.

கிளேசியர் பே தேசியப் பூங்காவில் கப்பல் எங்கும் கரையில் நிற்பதில்லை. பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுவதும் விளக்கம் சொல்கிறார்கள். 1794-இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது இது விரிகுடாவே இல்லை, வாசல் வரை பனிதான். 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 48 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இந்த மண்ணுக்குரிய ஹூனா டிலிங்கிட் மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருள் 'பனியாறு இருந்த இடத்தில் உள்ள விரிகுடா' என்பது. ஒரு பெயருக்குள் இத்தனை இழப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. வெயில் அடித்தது. ஆனால் பனியின் மேலிருந்து இறங்கி வரும் காற்று முகத்தை அறைந்தது. பனியும் நீரும் வெயிலைத் திருப்பி அடிப்பதால் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். தளத்தில் பலரும் கால் மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு உள்ளே ஓடினார்கள். அம்மா நகரவில்லை. மங்கி குல்லா, அதன் மேல் கருநீலத் தலைமூடி, கையில் பிளாஸ்க் மூடியில் வெந்நீர். கப்பல் மெல்லத் திரும்பி இரண்டு பக்கத்தவருக்கும் காட்டும் என்பதால் இடம் மாறி ஓட வேண்டியதும் இல்லை.

திடீரென்று நீல முகப்பிலிருந்து ஒரு பாளம், வீட்டளவு இருக்கும், சத்தமே இல்லாமல் சரிந்தது. தண்ணீர் எழும்பியது. அதற்குப் பிறகுதான் இடி வந்து சேர்ந்தது. "ஒளி முதலில், ஒலி பிறகு" என்று அம்மா தமக்குள் சொல்லிக்கொண்டார், வகுப்பில் சொல்வதைப் போலவே. கண்ணீர் வந்தது காற்றினாலா என்று நான் கேட்கவில்லை. "உள்ளே போகலாமா அம்மா?" என்றேன். "நீ போடி, எனக்குக் குளிரவில்லை" என்றார்.

இரண்டு மணி நேரம் நின்றார். அதற்குள் எனக்கு உள்ளே போய்ச் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே போனதும் பைனாகுலர் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும் என்பதால் பையிலேயே மூடி வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு பைனாகுலர் வைத்திருப்பது நல்லது. திமிங்கலம் தெரிந்தபோது ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் மாறி மாறி நீட்டினோம். வாங்கிக் கண்ணில் வைப்பதற்குள் வால் உள்ளே போய்விடும்.

கெட்சிகனில் துறைமுகத்தை ஒட்டி மழை அளவைக் காட்டும் உயரமான பலகை ஒன்று இருக்கிறது. 1949-இல் 202 அங்குலத்துக்கும் மேல் பெய்தது என்று பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். சராசரி ஆண்டிலேயே சென்னையைப் போல் இரண்டரை மடங்கு பெய்யும் ஊர். அன்றும் பெய்தது. ஓடையின் மேல் மரக்கால்களில் நிற்கும் கிரீக் தெருவில் அம்மா எனக்கு முன்னால் நடந்தார். கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீரில் வேண்டுமென்றே கையை நீட்டினார். "இதுதான் சாரல்" என்றார். அவருடைய சேலைக் கரையைத் தவிர எதுவும் நனையவில்லை.

கடைசி இரவு பெட்டிகளைப் பூட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், ஊழியர்கள் எடுத்துப்போய்விடுவார்கள். மறுநாள் காலை உடுத்த வேண்டியதை எடுத்து வைக்காமல் பெட்டியைக் கொடுத்துவிட்டு, இரவு உடையோடு இறங்கியவர்கள் உண்டு என்று பக்கத்து அறைப் பெண்மணி எச்சரித்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மாத்திரை, பாஸ்போர்ட், பூனம் சேலை, ஷூ. மழைக்கோட்டைப் பெட்டியில் வைக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தார். "அது கொக்கியிலேயே இருக்கட்டும். விடியற்காலையில் மேலே போக வேண்டும்."

5 மணிக்கு எழுந்து பார்த்தபோது கொக்கி காலியாக இருந்தது. மேல்தளத்துக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தூற்றல் அப்போதுதான் விட்டிருந்தது. வான்கூவரின் லயன்ஸ் கேட் பாலம் எங்களை நோக்கி வந்து, தலைக்கு மேலே மெதுவாகக் கடந்தது. அம்மா தலைமூடியைப் பின்னால் தள்ளி, பாலத்தை அண்ணாந்து பார்த்தார்.